மணி அடித்தால் திறந்தே ஆகவேண்டுமா?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 33. தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றிலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. கணவருக்கு ஐடி வேலை. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போகவேண்டும். லண்டனுக்கு வெளியே, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். மாதத்தில் பாதி நாள் இவருக்கு நைட் ஷிஃப்ட். காலை ஒன்பதரைக்குப் படுத்து மாலை நான்கு மணிவரை தூங்கினால்தான் அடுத்த இரவு வார்டில் நிற்க முடியும்.

அந்த நேரத்தில்தான் காலிங் பெல் அடிக்கிறது. கணவரின் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருபது நிமிடத் தொலைவில் இருக்கிறார்கள். 1990களில் இங்கே வந்தவர்கள், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். இந்தத் தம்பதி புதிதாக வந்து இறங்கியபோது நான்கு மாதம் தங்கள் வீட்டு மாடி அறையில் வைத்துச் சோறு போட்டவர்களும் அவர்கள்தான். "இந்தப் பக்கம் வந்தோம், அப்படியே பார்த்துட்டுப் போகலாம்னு" என்று வாரத்தில் ஒரு நாளாவது வந்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று முறை பெல் அடித்தும் வாசகி கீழே இறங்கவில்லை. மாடி ஜன்னல் திரையை லேசாக விலக்கிப் பார்த்தார். காருக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மா அண்ணாந்து பார்த்துவிட்டார். அன்று இரவே ஊரிலிருந்து மாமியார் போன்: "வாசல் வரைக்கும் வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டியாமே?"

அடுத்தது பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி. தீபாவளியன்று மாலை ஏழரை மணிக்குத் தட்டு நிறையப் பலகாரம் எடுத்துக்கொண்டு வாசகி போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பாட்டி கதவைப் பாதி திறந்து, தட்டை வாங்கி, வாயார நன்றி சொல்லி, "உள்ளே வா" என்ற ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் தட்டு கழுவித் துடைத்து வாசல்படியில் இருந்தது; மேலே ஒரு நன்றி அட்டை. தட்டு காலியாக வந்ததுதான் இவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. "எங்கள் ஊரில் வெறும் தட்டைத் திருப்பித் தரமாட்டார்கள். என் நிறம் பிடிக்கவில்லையோ?" என்று கேட்கிறார்.

அப்புறம் ஹவுஸ் ஓனர். தன்னிடம் உள்ள சாவியைப் போட்டு இரண்டு முறை தானாகவே உள்ளே வந்திருக்கிறார், ஒருமுறை வாசகி தூங்கிக்கொண்டிருக்கும்போதே. கடைசியாக, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் வந்து, "உங்கள் கூரையில் பாசி பிடித்திருக்கிறது" என்று சொல்லி, 1,200 பவுண்டுக்குக் கூரைப் பூச்சு வேலைக்குக் கையெழுத்து வாங்கி, 200 பவுண்டு முன்பணமும் வாங்கிப் போய்விட்டார். "கவுன்சில் (உள்ளாட்சி) ஆள் என்று நினைத்தேன். திறக்காவிட்டால் விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம்" என்கிறார்.

கேள்வி இதுதான்: "வாசலில் ஒரு போர்டு மாட்டிவிட்டால் சட்டப்படி எல்லாரையும் நிறுத்த முடியுமா? கணவர், நம் பழக்கத்தை நாம் விடக்கூடாது என்கிறார். வந்தவர்களுக்குக் கதவைத் திறக்காத அளவுக்கு நான் மாறிவிட்டேனா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் வாசலுக்கு நான்கு விதமான ஆட்கள் வருகிறார்கள். நீங்கள் நான்கு பேரையும் ஒரே போர்டால் நிறுத்தப் பார்க்கிறீர்கள். கூரைக்காரருக்கும் ஹவுஸ் ஓனருக்கும் சட்டம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தேவையில்லை. அவர் உங்களை ஒதுக்கவில்லை. பெரியப்பா வீட்டாரைப் போர்டு மாட்டி நிறுத்தினால் நீங்கள் தூங்குவீர்கள், ஆனால் அதற்கப்புறம் வரும் போன்களை யார் எடுப்பது?

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நான் வீட்டு வாடகை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர், அதுதான் எனக்குக் கைவந்தது. இங்கே சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வாடகைச் சட்டம் வேறு.

கூரைக்காரரிடம் போட்ட கையெழுத்து

கையெழுத்துப் போட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது என்று எழுதியிருந்ததால், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் உங்களுக்கு அன்றே மின்னஞ்சலில் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே மறுபடி சொல்கிறேன். வீட்டு வாசலில் வைத்து 42 பவுண்டுக்கு மேல் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகள் தரும் உரிமை இது. காரணம் சொல்லவேண்டாம். "இந்தத் தேதியில் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன்" என்று ஒரே வரி மின்னஞ்சல் போதும். அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்யும் உரிமை இருக்கிறது என்பதை வியாபாரி எழுத்தில் தந்திருக்கவேண்டும். தரவில்லை என்றால் அந்த 14 நாள் கெடு 12 மாதம் வரைகூட நீளும். ரத்து செய்தபின் 14 நாளுக்குள் முன்பணம் திரும்ப வரவேண்டும். அவசரமாக வேலையை ஆரம்பிக்கச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், செய்த அளவு வேலைக்குக் காசு கேட்க இடமுண்டு. உங்கள் விஷயத்தில் இன்னும் ஏணிகூட வரவில்லை. பணம் வராவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் எண் 0808 223 1133.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் வாடகைக்கு இருப்பவர். கூரை, வெளிச்சுவர், வடிகால் குழாய் எல்லாம் ஓனர் பொறுப்பு என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. பாசி நிஜமாகவே பிடித்திருந்தாலும் அது உங்கள் தலைவலி இல்லை. அடுத்த முறை யாராவது கூரையைக் காட்டினால், "நான் டெனன்ட்" என்ற ஒரு வார்த்தையில் ஆள் கிளம்பிவிடுவார்.

வாசல்படிவரை வர யாருக்கு உரிமை?

இங்கே சட்டம் சுவாரசியமானது. உங்கள் கேட்டைத் திறந்து, பாதையில் நடந்து, கதவைத் தட்டுகிறவரைக்கும் யாருக்கும் மௌன அனுமதி உண்டு. தபால்காரர், பக்கத்து வீட்டார், மதம் பரப்ப வருபவர், வியாபாரி, எல்லாருக்கும்தான். அதனால் பெல் அடித்ததற்காக யார் மேலும் புகார் கொடுக்க முடியாது. ஆனால் அந்த அனுமதி நீங்கள் தருவது. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். "போங்கள்" என்று சொன்ன பிறகு, நடந்து வெளியேற ஆகும் நியாயமான நேரத்துக்கு மேல் நின்றால் அது அத்துமீறல். காவலர்கள் உள்ளிட்ட எல்லாருக்கும் இதுதான் நிலை என்று 1967இல் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதன் வேர் ரொம்பப் பழையது. லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக்குள் கடனாளியின் பொருட்களைப் பிடிக்க வந்த ஷெரிஃப் என்ற அரசு அதிகாரிக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த வழக்கில் 1604இல் வந்த தீர்ப்பில்தான் ஒவ்வொருவருக்கும் அவரவர் வீடு கோட்டை என்ற வாசகம் இருக்கிறது. பலரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதே தீர்ப்பு, அரசன் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் ஷெரிஃப் கதவை உடைக்கலாம், ஆனால் முதலில் வந்த காரணத்தைச் சொல்லித் திறக்கக் கேட்கவேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது, உடைக்க அதிகாரம் உள்ளவருக்கே அங்கே ஒரு மரியாதை விதிக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே கழுத்தில் அட்டை தொங்குகிற எல்லாரும் அதிகாரி இல்லை, அதிகாரி எல்லாருக்கும் உள்ளே வர உரிமையும் இல்லை. டிவி லைசென்ஸ் பார்க்க வருபவர் நீதிமன்ற ஆணை இல்லாமல் உள்ளே வர முடியாது. (நேரலை டிவியோ பிபிசி ஐபிளேயரோ பார்த்தால் லைசென்ஸ் எடுக்கத்தான் வேண்டும், அது தனி விஷயம்.) மீட்டர் பார்க்க வருபவரை நீங்கள் மறுத்தால், ஆபத்து நேரம் தவிர, அவர்களும் ஆணை வாங்கித்தான் வரவேண்டும். கவுன்சில் வரி, கிரெடிட் கார்டு போன்ற கடன்களுக்கு வரும் பெய்லிஃப் முதல் வருகையில் கதவை உடைத்து நுழைய முடியாது; ஆனால் நீங்களே திறந்து விட்டுவிட்டால் கதை மாறும். வீடு வீடாக நிதி திரட்டுபவர் பேட்ஜும் அங்கீகாரச் சான்றும் காட்டவேண்டும். போலீஸ் விஷயம் கொஞ்சம் வேறு. உயிரைக் காப்பாற்றவோ, பெரிய குற்றத்துக்காக ஒருவரைக் கைது செய்யவோ 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஆணை இல்லாமலும் நுழைய முடியும்.

வியாபாரிக்குக் கதவைத் திறக்காததற்கும் விசாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள். கதவைத் திறக்காமலே, உள்ளே இருந்தபடி "யார், எந்த நிறுவனம், அட்டையை ஜன்னலில் காட்டுங்கள்" என்று கேட்கலாம். அட்டையில் அச்சிட்ட எண்ணைக் கூப்பிடாதீர்கள். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள்.

சரி, போர்டு விஷயம். "வியாபாரிகள் பெல் அடிக்கவேண்டாம்" என்ற ஸ்டிக்கர் ஒட்டுவது நல்லது, ஒட்டுங்கள். போ என்றும் திரும்ப வராதே என்றும் சொன்ன வாசலுக்கு வியாபாரி வந்து நிற்பது 2008 முதலே தடை செய்யப்பட்ட வணிக முறை. இப்போது 2024ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஸ்டிக்கர் அந்த வார்த்தையை உங்களுக்குப் பதிலாகச் சொல்கிறது. ஆனால் அது நிறுத்துவது வியாபாரியை. பெரியம்மா அதைப் படித்துவிட்டுப் பெல் அடிப்பார், "இது நமக்கில்லை" என்று. நியாயமும் அதுதானே.

கேமரா வைத்த பெல் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பகலில் உள்ளே ஒலிக்கும் சத்தத்தை அணைத்து வைக்கலாம் என்ற ஒரு வசதிக்காகவே நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு அது உதவும். இரண்டு எச்சரிக்கை. துளை போடும் முன் ஓனரிடம் எழுத்தில் கேளுங்கள். கேமராவின் பார்வை உங்கள் எல்லையைத் தாண்டிப் பாட்டியின் தோட்டத்திலோ நடைபாதையிலோ விழுந்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்த ஆரம்பிக்கும். 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு கவுன்டி நீதிமன்றத்தில் ஒருவர் தன் கேமராக்களாலும் அவை தூரத்துப் பேச்சைக்கூடப் பதிவு செய்ததாலும் பக்கத்து வீட்டாரிடம் வழக்கில் தோற்றார். கோணத்தைத் திருப்பி, ஒலிப்பதிவை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. சட்டத்துக்கு வெளியே ஒன்று: கேமரா இருக்கிற வீட்டில் பெல் அடித்தும் திறக்காவிட்டால், "பார்த்துட்டே இருந்திருக்கா" என்பார்கள். திரைச்சீலை பரவாயில்லை என்று ஆகிவிடும்.

சாவி வைத்திருக்கும் ஓனர்

உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம் இது. "அவர் வீடுதானே, வரத்தானே செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை கட்டிக் குடியிருக்கும் காலம்வரை அது உங்கள் வீடு. செங்கல் அவருடையது, உள்ளே நுழையும் அனுமதி உங்களுடையது. வீட்டின் நிலையைப் பார்க்க வரவேண்டுமென்றால் குறைந்தது 24 மணிநேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லவேண்டும், நியாயமான பகல் நேரத்தில் வரவேண்டும். அதுவும் அதே 11ஆம் பிரிவில்தான் இருக்கிறது. எழுத்தில் சொல்லிவிட்டார் என்பதற்காக நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் சாவி போட்டு நுழையலாம் என்று அர்த்தமில்லை. வருடாந்திர எரிவாயுப் பரிசோதனைக்கும் நேரம் பேசித்தான் வரவேண்டும். குழாய் வெடித்தது, எரிவாயு கசிகிறது, தீப்பிடித்தது என்றால் மட்டும் கேள்வியில்லை.

இவ்வளவுக்கும் உங்கள் நியாயமான நேரமும் அவர் நினைக்கும் நியாயமான நேரமும் ஒன்றாக இருக்காது. அவருக்கு மதியம் இரண்டு மணி நல்ல நேரம். உங்களுக்கு அது நள்ளிரவு. அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். அதனால் முதலில் சண்டை வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இந்த இந்தத் தேதிகளில் முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே வந்தீர்கள், நான் இரவு வேலை செய்பவள், ஒருமுறை தூக்கத்தில் இருந்தேன், பயந்துவிட்டேன், இனி 24 மணிநேரம் முன்பு எழுத்தில் சொல்லுங்கள், மாலை நான்கரைக்கு மேல் என்றால் எனக்கு வசதி. இவ்வளவுதான். பிறகும் வந்தால் தேதி, நேரம் குறித்து வையுங்கள். குடியிருப்பவரின் நிம்மதியைக் கெடுக்கும்படி திரும்பத் திரும்ப நடப்பது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம், கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பூட்டை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். பழைய பூட்டைப் பத்திரமாக வைத்து, காலி செய்யும்போது திரும்பப் பொருத்துங்கள்.

"எழுதினால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ" என்ற பயம் புரிகிறது. காரணமே சொல்லாமல் வெளியேற்ற வழிசெய்த, 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவை 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் நீக்கியது. 2026 மே 1 முதல் அந்த வழி கிடையாது. பயப்பட எதுவுமே இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டை விற்கிறேன், நானே குடிவருகிறேன் என்று ஓனர் சொல்லக்கூடிய காரணங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒரு மின்னஞ்சலுக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைவு.

பாட்டியும் காலித் தட்டும்

நிறவெறி இந்த நாட்டில் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் பாட்டிமேல் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. உங்கள் பார்சல்களை வாங்கி வைக்கிறார். வேலியோரம் அரைமணி நேரம் செடி பற்றிப் பேசுகிறார். தட்டைக் கழுவி, கடைக்குப் போய் ஓர் அட்டை வாங்கி, கைப்பட எழுதி வைத்திருக்கிறார். அந்த அட்டைதான் அவர் தட்டில் போட்டுத் தந்தது. வெறும் தட்டைத் தரக்கூடாது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

மாலை ஏழரைக்குச் சொல்லாமல் வந்தவரை இங்கே வாசலில் நிற்கவைத்துப் பேசுவது அவமானம் இல்லை. வாசல்படியே இவர்களுக்கு ஒரு வரவேற்பறை. இருபது நிமிடம்கூட அங்கேயே நின்று பேசுவார்கள், குளிரில், ஒரு கையால் கதவைப் பிடித்தபடி. உள்ளே நைட்டி காய்ந்துகொண்டிருக்கலாம், சாப்பாட்டு மேசை கலைந்து கிடக்கலாம். நம் வீட்டில் அப்படி இருந்தால், "வீடு கிடக்கிற கோலத்தைப் பார்க்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கூப்பிடுவோம். அவர் அதைச் சொல்லாமல் கதவைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். வெட்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஆங்கிலேயர் என்றாலே எப்போதும் இப்படித்தான் என்றும் எண்ணவேண்டாம். வடக்குப் பகுதித் தொழிலாளர் தெருக்களில் பின்கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டார் உள்ளே வருவது சகஜமாக இருந்த காலம் உண்டு. மேல்தட்டிலோ வேறு மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் ஒருவரைப் பார்க்கப் போவதற்குக் குறித்த பிற்பகல் நேரம், கால்மணி நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது, ஆண்கள் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும் என்றெல்லாம் ஒழுங்கு இருந்தது. பார்க்க விருப்பமில்லாத நாளில் வேலைக்காரப் பெண் வாசலில் வந்து "அம்மா வீட்டில் இல்லை" என்பாள். அம்மா மாடியில் இருக்கிறார் என்பது வந்தவருக்கும் தெரியும். தன் பெயர் அச்சிட்ட அட்டையை வைத்துவிட்டுப் போவார், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். உங்கள் திரைச்சீலைச் சம்பவத்துக்கு இங்கே நல்ல பூர்வீகம் இருக்கிறது, பெரியம்மாதான் அந்த மரபில் வரவில்லை!

பாட்டியை நாளும் நேரமும் சொல்லிக் கூப்பிடுங்கள். "சனிக்கிழமை மூன்று மணிக்கு டீ குடிக்க வாருங்கள்." மூன்று ஐந்துக்கு வருவார், கையில் ஏதாவது இருக்கும், நாலரைக்குத் தானாகவே எழுந்துவிடுவார். நீங்கள் இரவு வேலை செய்பவர் என்பதையும் அன்று சொல்லிவையுங்கள். பகலில் உங்கள் வீட்டு பெல்லை அடிக்கும் பார்சல்காரரை அவரே தடுத்துத் தன் வீட்டில் வாங்கிவைப்பார்.

பெரியப்பா வீட்டார்

இனி கஷ்டமான பகுதி. இதற்குச் சட்டப்புத்தகம் உதவாது, ஆகவே பதினைந்து வருடமாக நம் குடும்பங்களின் சண்டைகளை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டவராக மட்டும் சொல்கிறேன்.

"நம் பழக்கத்தை விடக்கூடாது" என்கிறார் உங்கள் கணவர். எந்தப் பழக்கம் என்று அவரை ஒருமுறை யோசிக்கச் சொல்லுங்கள். ஊரில் சொல்லாமல் வந்தது யாரையும் நோகடிக்காமல் நடந்ததற்குக் காரணம் இருந்தது. பகல் முழுக்கக் கதவு திறந்திருக்கும். வீட்டில் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். வந்தவர் தெருவிலிருந்தே "யாரு வீட்டுல?" என்று குரல் கொடுப்பார். முன்னால் திண்ணை இருந்தது. வந்தவர் அதில் உட்காருவார், வெற்றிலை போடுவார், தாத்தாவோடு பேசுவார். உள்ளே தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார். முன்பின் தெரியாத வழிப்போக்கன்கூட அங்கே படுத்துப் போகலாம், வீட்டுக்குள் கால் வைக்காமலே. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் அப்படி ஓர் இடம் நமக்கும் இருந்தது. அடுப்படியில் இருந்த பெண்ணுக்கு மட்டும் அந்த வருகை எப்போதும் வேலைதான். அவளை யாரும் கேட்டதில்லை, அதனால் அவள் சொன்னதும் இல்லை.

உங்கள் வரிசை வீட்டில் திண்ணை இல்லை, தாத்தா இல்லை. பெல் அடித்தால் எழுந்து வர நீங்கள் ஒருவர்தான். அந்தப் பழக்கத்தைத் தாங்கிய வீடு இங்கே இல்லை, வருகை மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று. பெரியப்பா மனதில் இருப்பது அவர் கிளம்பி வந்த 1990களின் தமிழ்நாடு. இப்போது அங்கேயே அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கீழே செக்யூரிட்டி நோட்டில் பெயர் எழுதச் சொல்லி, இன்டர்காமில் கேட்டுவிட்டுத்தான் மேலே விடுகிறார். தனி வீட்டில் இருப்பவர்கள்கூட "வீட்ல இருக்கீங்களா, வரலாமா?" என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். உங்கள் மாமியாரே அப்படிச் செய்கிறவராக இருக்கலாம். ஆகவே முன்கூட்டிக் கேட்பது வெள்ளைக்காரப் புத்தி என்று யாராவது சொன்னால் ஏற்கவேண்டாம். சாவு வீடு ஒன்றுக்குத்தான் இன்றைக்கும் கேட்காமல் போகிறோம், அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் உங்களிடமும் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. "என்னை மதிக்காததால்தான் சொல்லாமல் வருகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. ஓய்வு பெற்ற இருவர், இருபது நிமிடத்தில் இரத்த சம்பந்தமுள்ள ஒரே வீடு, நான்கு மாதம் தங்கள் மாடியில் வளையவந்த பிள்ளைகள். அவர்கள் உங்கள் வீட்டை இன்னும் தங்கள் மாடி அறையின் நீட்சியாகத்தான் பார்க்கிறார்கள். போன் செய்துவிட்டு வா என்றால் அவர்கள் காதில் "நீங்கள் அந்நியர்" என்று விழும். அதைத் தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரி அமையும்.

பேசவேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் சொன்னால் புகார், பிள்ளை சொன்னால் செய்தி. இது நியாயமா என்றால் இல்லை, நடப்பு அதுதான். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். நேரில் போய், "பெரியப்பா, இவளுக்கு நைட் டியூட்டி. பகல்ல எழுப்பினா ராத்திரி வார்டுல மருந்து அளவுல தப்பு வந்துடும், வேலையே போயிடும்" என்று சொல்லட்டும். வேலை என்ற காரணத்தை நம் ஆட்கள் மதிப்பார்கள். தனிமை வேண்டும் என்ற காரணத்தை மதிக்கமாட்டார்கள், அதை இப்போதைக்கு மேசையில் வைக்கவேண்டாம். கூடவே ஒரு நாளையும் கொடுங்கள்: "ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாடு நம்ம வீட்ல." வராதே என்பதோடு நிறுத்தாமல் எப்போது வரலாம் என்பதையும் சொன்னால் பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். மாதாமாதம் உங்கள் ரோஸ்டரை நைட் நாட்களில் வட்டம் போட்டுப் பெரியம்மாவுக்கு அனுப்புங்கள். பலரும் அதைப் பெருமையாக ஃபிரிட்ஜில் ஒட்டிவைப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மதியம் பெல் அடிக்கும், அடிக்கத்தான் செய்யும். அப்போது திரைச்சீலை வேண்டாம். எழுந்து போய்க் கதவைத் திறங்கள், ஆனால் உபசரிக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு என்பதை நம் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. "வாங்க மாமா, வாங்க அத்தை. டியூட்டி முடிச்சு இப்பதான் படுத்தேன், கண்ணே திறக்கல. நீங்க உக்காருங்க, காபித்தூள் மேல் ஷெல்ஃப்ல இருக்கு, அவருக்கும் ஒரு போன் போட்டுடுங்க. நான் போய்ப் படுக்கிறேன்." சொல்லிவிட்டு நிஜமாகவே மாடிக்குப் போய்விடவேண்டும். உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினால் அன்றைய தூக்கம் போச்சு, அடுத்த வாரமும் வருவார்கள். நீங்கள் படுத்துவிட்டால் பெரியம்மா காபி போட்டுக் குடித்து, பாத்திரத்தையும் கழுவிவைத்துவிட்டுப் போவார் என்று நினைக்கிறேன். அப்படி இரண்டு முறை நடந்தால் மூன்றாவது முறை அவரே போன் செய்துவிடுவார்.

நடந்துபோன செவ்வாய்க்கிழமைக்கு, வீட்டில் இல்லை என்று பொய் சொல்லவேண்டாம், பார்த்துவிட்டாரே. "அசதியில எழுந்திருக்க முடியல அத்தை, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொன்னால் போதும். காரணங்களை அடுக்கி நீளமாக மன்னிப்புக் கேட்டால், செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டது போலாகும். மாமியாரிடம் உங்கள் கணவரே கூப்பிட்டுப் பேசட்டும், அதுவும் பெரியப்பா வீட்டுக்குப் போய்வந்த பிறகு. வரிசை மாறினால் அங்கே இன்னொரு கதை முளைத்துவிடும்.

உங்கள் அடுத்த விடுமுறை நாளில் இருவருமாகக் கிளம்பிப் போங்கள். போகும் முன் ஒரு போன் செய்துவிடுங்கள். "நம்ம வீட்டுக்கு வர்றதுக்குமா போன்?" என்பார் பெரியப்பா. கேட்கட்டும்.

ஓனருக்கு எழுதும் மின்னஞ்சலை அனுப்பும் முன் வேண்டுமானால் எனக்கு ஒரு நகல் போடுங்கள், வாசகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.